ஒரே விதை, வேறு நாள், வேறு விளைச்சல்

பயிர்க்கடன் விண்ணப்பத்தில் பருவம் என்பது ஒரே சொல்லில் அடங்கிவிடும்: கரீஃப் அல்லது ரபி. கரீஃப் என்று குறித்துவிட்டால் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள் அனைத்தும் அச்சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. வங்கியின் பதிவேட்டுக்கு இது போதும். நிலத்தில் நிற்கும் பயிருக்குப் போதாது. ஜூன் 25 அன்று விதைத்த சோயா மொச்சையும் ஜூலை 20 அன்று விதைத்த சோயா மொச்சையும் நம் ஏட்டில் ஒரே பருவத்துப் பயிர்கள். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த விதையாக இருந்தாலும், செடியின் உயரம், காய்களின் எண்ணிக்கை, மணியின் எடை ஆகிய அனைத்திலும் அவை வேறுபட்டு நிற்கும்.

மழை நிறைந்த பகுதியில் இவ்வேறுபாட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். மழை குறைந்த மானாவாரிப் பகுதியில் கடன் அடைபடுவதும் நிலுவையில் நிற்பதும் பல நேரங்களில் இந்த மூன்று நான்கு வாரங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. ஊரில் நிலம் வைத்திருப்போர், உறவினரின் பயிர்க்கடனுக்குப் பிணை நிற்போர், விளைபொருள் வணிகத்தில் ஈடுபடுவோர் ஆகிய வாடிக்கையாளர்கள் அனைவரும் இதன் காரணத்தை அறிந்திருப்பது நன்று.

ஒரே பகல், வேறு மழை

இக்கட்டுரை கொல்கத்தாவின் சால்ட் லேக்கிலிருந்து எழுதப்படுகிறது. உப்பு நீர்ச் சதுப்பை ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பி உருவாக்கிய இந்நகர்ப் பகுதியில் சோயா வயல் எதுவும் இல்லை. எனினும், சோயாவைப் பற்றிப் பேசுவதற்கு இவ்விடம் ஒரு வகையில் பொருத்தமானதே. சால்ட் லேக் அமைந்திருப்பது ஏறத்தாழ 22.6 பாகை வட அட்சரேகையில். நாட்டின் சோயா ஆராய்ச்சிக்குத் தலைமையிடமான மத்தியப் பிரதேசத்து இந்தூர் அமைந்திருப்பது 22.7 பாகையில். இரண்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருந்தும், பகலின் நீளம் இரு ஊர்களிலும் ஒன்றே. ஜூன் 21 அன்று சுமார் பதின்மூன்றரை மணி நேரம்; டிசம்பர் 21 அன்று சுமார் பத்தே முக்கால் மணி நேரம்.

மழையோ முற்றிலும் வேறு. கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இந்தூரில் 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்னும் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மராத்வாடாவில் அது மேலும் குறைகிறது. அப்பகுதியின் பெரிய சோயாச் சந்தை லாத்தூரில் உள்ளது. 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து இரயில் மூலம் குடிநீர் கொண்டு செல்லப்பட்டதும் அதே லாத்தூருக்குத்தான்.

சோயாச் செடிக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று வானத்தின் ஒளி. மற்றொன்று மண்ணின் ஈரம். ஒளியின் கடிகாரம் ஆண்டுதோறும் ஒரு நிமிடமும் பிசகாமல் ஓடும். ஈரத்தின் கடிகாரம் ஓர் ஆண்டு முந்தும், ஓர் ஆண்டு பிந்தும். விதைக்கும் நாளும் ரகமும் இவ்விரண்டையும் பொருத்தும் கருவிகள். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதால் பயனில்லை.

செடி எண்ணும் இரவு

அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு அறிவியலாளர்கள் 1920-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதல் விளக்கத்தைத் தந்தது. வாஷிங்டன் நகருக்கு அருகே ஆர்லிங்டன் பண்ணையில் 'பிலாக்சி' என்னும் சோயா ரகத்தை அவர்கள் பல வார இடைவெளிகளில் அடுத்தடுத்து விதைத்தனர். முன்னே விதைத்த செடிகளுக்கும் பின்னே விதைத்தவற்றுக்கும் வயதில் பெரும் வேறுபாடு இருந்தது. ஆயினும் அவையெல்லாம் இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. வெப்பமும் ஈரமும் காரணமாக இருக்கலாமோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பின், செடிகளை நாள்தோறும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பார்த்தனர். பகல் குறுகியதாகச் செடி உணர்ந்தபோது விரைந்து பூத்தது.

சோயா ஒரு குறும்பகல் தாவரம் என்று சொல்வது இதனால்தான். உண்மையில் இலை அளப்பது இரவின் நீளத்தை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. சாலை விளக்கின் ஒளி இரவு முழுதும் விழும் வயலோரத்துச் செடிகள், நடுவயல் முற்றிப் பழுத்த பின்னும் பச்சையாகவே நிற்பதற்கும் இதுவே காரணம்.

இதனை நம் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். 95 நாள் வைப்புத்தொகையை எந்த நாளில் தொடங்கினாலும் 95-ஆம் நாள் முதிர்வடையும். விதை மூட்டையில் '95 நாள்' என்று அச்சிடப்பட்டிருப்பது அத்தகைய உறுதிமொழியன்று. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட விதைப்புக் காலத்தில் அந்த ரகம் எடுத்துக்கொள்ளும் நாள்களையே அது சுட்டுகிறது. பிந்தி விதைத்தால், குறுகிவரும் பகலைக் கண்ட செடி, வளர வேண்டிய உயரத்தை எட்டும் முன்பே பூக்கத் தொடங்கிவிடும். கணுக்கள் குறையும்; சோயாவில் காய்கள் கணுக்களில்தான் பிடிக்கின்றன; எனவே காய்களும் குறையும். முதிர்வு நாள் முன்னே வருவதோடு முதிர்வுத் தொகையும் சுருங்கிவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. நீண்ட பகல் காலத்தில், நீண்ட கால ரகத்தை, போதிய ஈரத்தோடு விதைத்தால் செடி உயர்ந்து படர்ந்து வளரும். அதன் முழு ஆற்றல் அப்போதுதான் வெளிப்படும். ஆனால் அந்தப் பெரிய செடி காய் நிரப்பும் வேளையில் மண்ணில் ஈரம் இருந்தாக வேண்டும். வறண்ட பகுதியின் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

மாளவத்தின் நூறு மில்லிமீட்டர்

மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பீடபூமி ஆழ்ந்த கரிசல் மண் கொண்டது. மழைக்காலத்தில் சேறாகி உழவுக்கு இடங்கொடாத அம்மண்ணைப் பலர் அப்பருவத்தில் தரிசாக விட்டு, மிஞ்சிய ஈரத்தில் ரபிப் பயிர் மட்டும் எடுத்து வந்தனர். 1960-களில் ஜபல்பூர், பந்த்நகர் ஆகிய வேளாண் பல்கலைக்கழகங்களின் முயற்சியால் அறிமுகமான சோயா, அந்தத் தரிசுக் காலத்தை வருவாய்க் காலமாக மாற்றியது. 1994-இல் வெளிவந்த ஜே.எஸ். 335 என்னும் ஜபல்பூர் ரகம் நாட்டின் சோயாப் பரப்பில் பெரும் பங்கைப் பல்லாண்டுகள் பிடித்திருந்தது. அதன் வயது 95 முதல் 100 நாள்.

இப்பகுதிக்கு இந்தூர் ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து தரும் அறிவுரை தெளிவானது: பருவமழை சுமார் 100 மில்லிமீட்டர் பெய்த பின்னரே விதைக்க வேண்டும், ஜூன் மூன்றாம் வாரம் முதல் ஜூலை முதல் வாரம் வரை ஏற்ற காலம்.

முதல் மழையிலேயே விதைத்தால் என்ன நேரும்? மேல்மண் மட்டும் நனைந்திருக்கும். மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்த விதை அந்த ஈரத்தில் முளைவிடும். அடுத்த மழை பத்துப் பதினைந்து நாள் தாமதித்தால் நாற்று கருகிவிடும். ஒரு ஹெக்டேருக்கு 60 முதல் 80 கிலோ விதை தேவைப்படும் பயிர் இது. சாகுபடிச் செலவில் விதைக்குப் பெரும் பங்கு உண்டு. மாவட்ட அளவில் நிர்ணயிக்கப்படும் பயிர்க்கடன் அளவு ஒரு விதைப்புக்கான செலவையே கணக்கில் கொள்கிறது. மறுவிதைப்புக்கான பணத்தை விவசாயி வேறிடத்தில் தேட வேண்டியதாகிறது. வட்டிக்கடைக்குச் செல்லும் முதல் அடி பல குடும்பங்களில் இந்த மறுவிதைப்பு மூட்டையோடுதான் தொடங்குகிறது.

பிந்தி விதைத்தால் என்ன நேரும்? பகல் குறுகுவதால் செடி சிறுத்துவிடும் என்பதை முன்பே கண்டோம். அதோடு, காய் நிரம்பும் காலம் மழை விடைபெறும் காலத்தோடு மோதும். சோயாச் செடி இளமையில் நேரும் வறட்சியை ஓரளவு பொறுத்துக்கொண்டு மழை வந்ததும் தேறிவிடும். பூத்தல் முதல் மணி நிரம்புதல் வரையிலான காலத்தில் ஈரம் குறைந்தால் அந்த இழப்பு மீளாது. பூ உதிரும், காய் பொக்காகும், மணி சுருங்கும்.

கருமண் நிலத்தில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கனமழை பெய்துவிட்டால் பல நாள் வயலில் இறங்க முடியாது. ஆகவே காகிதத்தில் மூன்று வாரம் போலத் தோன்றும் விதைப்புக் காலம், நடைமுறையில் ஏழெட்டு நாளாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஏழெட்டு நாளில் விதையும் உரமும் பணமும் கையில் இருந்தாக வேண்டும்.

ரகங்களின் வரிசை

விதைக்கும் நாள் மழையின் கையில் இருக்கும்போது, விவசாயியின் கையில் எஞ்சி நிற்பது ரகத் தேர்வு. சோயா ரகங்களை அவற்றின் வயதுப்படி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஜே.எஸ். 95-60 ஏறத்தாழ 82 முதல் 88 நாளில் அறுவடைக்கு வருவது, ஜே.எஸ். 20-34 என்பதும் அவ்வயதை ஒட்டியதே. ஜே.எஸ். 93-05 சுமார் 90 முதல் 95 நாள். பர்பணி வேளாண் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ.யு.எஸ். 71 சுமார் 95 நாள். ஜே.எஸ். 97-52 நூறு நாளை ஒட்டி முதிர்வது.

ஜூன் இறுதிக்குள் நல்ல மழை கிடைத்து, ஆழ்ந்த கரிசல் மண்ணும் இருந்தால் நடுத்தர, நீண்ட கால ரகங்கள் தம் முழுப் பலனைத் தரும். மண்கண்டம் குறைந்த மேட்டு நிலத்தில் செப்டம்பர் நடுவிலேயே ஈரம் தீர்ந்துவிடும். அங்கே குறுகிய கால ரகமே பாதுகாப்பு. விதைப்பு ஜூலை நடுப்பகுதி வரை தள்ளிப்போனால், குறுகிய கால ரகத்தை எடுத்துக்கொண்டு, வரிசை இடைவெளியை 45 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டராகக் குறைத்து, விதையளவைச் சுமார் கால் பங்கு கூட்ட வேண்டும் என்பது ஆராய்ச்சியாளரின் பரிந்துரை. ஒவ்வொரு செடியும் சிறுத்துப்போவதால், செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி நிலத்தை மூடுவதே இதன் நோக்கம்.

அப்படியானால் வறண்ட பகுதியில் எப்போதும் குறுகிய கால ரகத்தையே விதைத்துவிடலாமே என்று தோன்றும். அண்மை ஆண்டுகள் இரண்டு அதற்கு விடை சொல்கின்றன.

2019-இல் தென்மேற்குப் பருவமழை வடமேற்கு இந்தியாவிலிருந்து விலகத் தொடங்கியது அக்டோபர் 9 அன்று. பதிவுகளிலேயே மிகத் தாமதமான விலகல் அது. குறுகிய கால ரகம் முற்றி நிற்கும் வேளையில் மழை ஓயாமல் பெய்தால், அறுக்க முடியாத வயலில் காய்கள் நனைந்தபடியே நிற்கும். மணி கறுக்கும், செடியிலேயே முளைவிடும். அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் பெய்த மழை அறுத்துக் கிடந்த சோயாவையும் நனைத்தது. அதன் பின்விளைவு அடுத்த ஆண்டு வெளிப்பட்டது. சோயா விதையின் மேல்தோல் மெல்லியது. மழையில் நனைந்த விதை தன் முளைப்புத் திறனை விரைந்து இழக்கும். 2020 ஜூனில் விதைத்த சோயா முளைக்கவில்லை என்று மராத்வாடா, விதர்ப்பப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான புகார்கள் எழுந்தன. மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை இதனைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஓர் ஆண்டின் அறுவடை நாள், மறு ஆண்டின் விதையைக் கெடுத்த நிகழ்வு இது.

2023-இன் கதை நேர் எதிரானது. அவ்வாண்டு மழை பிந்தித் தொடங்கியதால் மகாராஷ்டிரத்தின் பல பகுதிகளில் விதைப்பும் பிந்தியது. பின்னர், 1901 முதலான பதிவுகளில் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்டு மாதம் வந்தது; இயல்பைவிட 36 விழுக்காடு மழை குறைவு. ஜூலை தொடக்கத்தில் விதைத்த சோயா பூத்துக் காய் பிடிப்பது ஆகஸ்டில்தான்.

ஒரு ஆண்டு அறுவடையின்போது மழை மிகுந்தது. மற்றோர் ஆண்டு பூக்கும்போது மழை பொய்த்தது. எந்த ஒரு ரகமும் இரண்டையும் வெல்லாது. ஆகவேதான் வயது வேறுபட்ட மூன்று நான்கு ரகங்களைப் பிரித்து விதைக்குமாறு இந்தூர் நிறுவனம் அறிவுறுத்துகிறது. பத்து நாள் இடைவெளியில் பூக்கும் இரு ரகங்கள் ஒரே வறட்சியில் ஒருசேரச் சிக்குவதில்லை. சேமிப்பு முழுவதையும் ஒரே முதலீட்டில் போடாதீர்கள் என்று நாம் கிளையில் சொல்வதை நிலத்தில் இவ்வாறு செய்கிறார்கள். மஞ்சள் தேமல் போன்ற நோய்களும் எல்லா ரகங்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதால், இந்தப் பிரிப்பு மேலும் ஒரு காப்பாகிறது.

பிற நாடுகளின் படிப்பினை

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் கோடையின் பிற்பகுதி வறண்டது. அங்கே மே மாதத்தில் நீண்ட கால ரகங்களை விதைப்பது வழக்கமாக இருந்தது. அவை காய் நிரப்பும்போது வறட்சி வந்து நின்றது. முன்கூட்டியே முதிரும் ரகங்களை ஏப்ரலில் விதைத்து, வறட்சிக்கு முன்னரே காய் நிரப்பச் செய்யும் முறையை ஸ்டோன்வில் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆய்ந்து பரப்பினர். நாளை மட்டும் மாற்றியிருந்தாலோ, ரகத்தை மட்டும் மாற்றியிருந்தாலோ அப்பயன் கிடைத்திராது. இரண்டையும் ஒருங்கே மாற்றியதே வெற்றிக்குக் காரணம்.

பிரேசில் சந்தித்தது வேறொரு சிக்கல். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணியை ஒட்டியே இருக்கும். வடக்கு நாடுகளின் சோயா அங்கே முழங்கால் உயரம்கூட வளராமல் பூத்துவிடும். குறும்பகலிலும் பூப்பதைத் தள்ளிப்போடும் 'நீண்ட இளமை' என்னும் பண்பைக் கொண்ட ரகங்களை அந்நாட்டு அறிவியலாளர்கள் உருவாக்கினர். செராடோ சமவெளி இன்று உலகின் பெரும் சோயா வயலாக இருப்பதற்கு அப்பண்பு ஒரு முக்கியக் காரணம்.

தமிழகத்தின் பட்டங்கள்

தமிழகம் பிரேசிலின் நிலையை ஓரளவு ஒத்தது. கோயம்புத்தூரில் ஜூன் மாதப் பகல் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி; டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி. வேறுபாடு ஒன்றேகால் மணியே. மத்திய இந்தியாவுக்கென உருவான ரகம் இங்கே வந்தால் விரைந்து பூத்துக் குட்டையாக நின்றுவிடலாம். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ (சோயா) 3 எனத் தனி ரகங்களை வெளியிட்டது. கோ (சோயா) 3 ஏறத்தாழ 85 முதல் 90 நாளில் முதிர்வது.

பகலின் நீளம் பெரிதும் மாறாத இடத்தில், மழையும் வெப்பமும் விதைப்பு நாளை ஆள்கின்றன. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோர் பகலை அளக்கவில்லை; ஈரத்தை அளந்தனர். ஆடிப்பட்டத்தில் விதைத்த சோயா மழையோடு வளரும். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும். ஆனால் அறுவடை வேளையில் மழை நின்றிருக்க வேண்டும். மாசிப் பட்டத்தில் பாசனம் கட்டாயம். பூக்கும் காலத்தில் வெயில் மிகுந்தால், நீர் இருந்தாலும் காய்ப்பிடிப்பு குறையும். ஆகவே, 'இந்த ரகம் நன்றாக விளையும்' என்று யாரேனும் சொன்னால், 'எந்தப் பட்டத்தில்?' என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கடனின் நாள்காட்டி

இனி நம் துறைக்கு வருவோம். விதைப்புக்கு ஏழெட்டு நாளே கிடைக்கும் பகுதியில், மழை பெய்த பின் கடனுக்கு விண்ணப்பிப்பவர் அந்த நாள்களைக் கிளை வாயிலில் செலவிட நேரும். கிசான் கடன் அட்டையின் ஆண்டு மறு ஆய்வையும் புதுப்பித்தலையும் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துக்கொள்வது நலம். அட்டை உயிர்ப்புடன் இருந்தால், மழை பெய்த அன்றே விதைக்கும் உரத்துக்கும் பணம் எடுக்கலாம். ஆறாம் நாள் எடுத்த பணம் தொகையில் குறைந்ததாக இராது; பயனில் குறைந்ததாகவே இருக்கும்.

வட்டிச் சலுகையும் நாளைச் சார்ந்தது. 3 இலட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு ஊக்கச் சலுகை கிடைப்பதால், அது 4 விழுக்காடாகக் குறைகிறது. திருப்பிச் செலுத்தும் நாள், அறுவடையையும் விற்பனைக் காலத்தையும் ஒட்டி அமைகிறது. ஆகவே கடன் பெறும்போதே ரகத்தின் வயதையும் எதிர்பார்க்கும் விதைப்பு நாளையும் கிளை அலுவலரிடம் தெரிவியுங்கள். மழை பிந்தி விதைப்பு தள்ளிப்போனால் அதனையும் தெரிவியுங்கள். குறுகிய காலப் பயிர்க்கடனில் அசலோ வட்டியோ இரண்டு பயிர்ப் பருவங்கள் நிலுவையில் நின்றால், அக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஒரு பருவம் பொய்த்தவுடனேயே கிளையை அணுகுவோருக்கு வழிகள் அதிகம்.

பயிர்க் காப்பீட்டிலும் விதைப்பு நாள் முதன்மையானது. 2016 கரீஃப் பருவத்தில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், எண்ணெய் வித்துகளுக்குக் கரீஃபில் விவசாயி செலுத்தும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 விழுக்காடு. 2020 கரீஃப் முதல் கடன் பெற்றவருக்கும் இத்திட்டம் விருப்பத்திற்குரியதே. வேண்டாம் என்போர், சேரும் இறுதி நாளுக்கு ஏழு நாள் முன்னரே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பயிரைக் குறித்துவிட்டு மழை பிந்தியதால் வேறொரு பயிரை விதைத்தவர், இறுதி நாளுக்கு முன்பே அம்மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் இழப்பீடு கிடைக்காது.

மாநில அரசின் அறிவிக்கையில் இடம்பெற்றிருந்தால், மேலும் சில காப்புகளும் உண்டு. மழையின்மையால் காப்பீட்டு அலகின் பரப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்க இயலாமற்போனால், காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு வழங்கப்பட்டு ஒப்பந்தம் முடிவடையும். பருவத்தின் நடுவே வறட்சி நேர்ந்து, எதிர்பார்க்கும் விளைச்சல் இயல்பில் பாதிக்கும் கீழே போனால், உத்தேச இழப்பீட்டில் 25 விழுக்காடு வரை முன்கூட்டியே கிடைக்கும். அறுத்து வயலில் காயப்போட்ட சோயா பருவந்தவறிய மழையில் நனைந்தால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை காப்பு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மேற்கு வங்கம் 2019 முதல் 'பாங்லா சஸ்ய பீமா' என்னும் தன் சொந்தத் திட்டத்தை நடத்திவருகிறது. ஆகவே நிலம் எந்த மாநிலத்தில் உள்ளதோ, அம்மாநிலத்தின் விதிகளை அங்குள்ள கிளையில் கேட்டறிக.

விற்பனையும் நாளைப் பொறுத்ததே. 2025-26 பருவத்துக்குச் சோயாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். அவ்விலையில் கொள்முதல் செய்ய, மணியின் ஈரப்பதம் பொதுவாக 12 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. அக்டோபரில் வரத்து குவிந்து விலை இறங்கும்போது உடனே விற்க விரும்பாத சிறு, குறு விவசாயிகள், அங்கீகாரம் பெற்ற கிடங்கில் சோயாவை வைத்து, அக்கிடங்கு இரசீதின் பேரில் கடன் பெறலாம். கிசான் கடன் அட்டை உள்ளவர்களுக்கு அக்கடனிலும் ஆறு மாதம் வரை வட்டிச் சலுகை உண்டு.

விதைக்கும் முன் கேட்க வேண்டியவை

இவை அனைத்தையும் தொகுத்துப் பார்த்தால், சோயா பயிரிடும் வாடிக்கையாளர் மே மாத இறுதிக்குள் ஐந்து கேள்விகளுக்கு விடை கண்டிருக்க வேண்டும்.

1. என் நிலத்தில் மழை விடைபெற்ற பின் எத்தனை நாள் ஈரம் நிற்கும்? ஆழ்ந்த கரிசலா, மண்கண்டம் குறைந்த மேட்டு நிலமா?

2. மழை உரிய நாளில் வந்தால் எந்த ரகம், இரண்டு வாரம் பிந்தினால் எந்த ரகம்? இரண்டாவதற்கான விதை எங்கே கிடைக்கும்?

3. வயது வேறுபட்ட இரண்டு ரகங்களையேனும் பிரித்து விதைக்க முடியுமா?

4. கையிலுள்ள விதை முளைக்குமா? நூறு விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துச் சில நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். எழுபதுக்குக் குறைவாக முளைத்தால் அவ்விதையை நம்ப வேண்டாம்.

5. கடன் அட்டை புதுப்பிக்கப்பட்டுவிட்டதா? காப்பீட்டின் இறுதி நாள் எது?

இக்கேள்விகளில் முதல் நான்குக்கு விடையளிக்க வேளாண் அறிவியல் நிலையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. ஐந்தாவதற்கு உங்கள் கிளை உள்ளது. மழை வரும் நாளை எவராலும் நிர்ணயிக்க முடியாது. அது வந்த நாளில் ஏற்ற ரகத்தின் விதையும் அதற்கான பணமும் வீட்டில் ஆயத்தமாக இருக்குமாறு செய்ய முடியும். ஜூன் பிறக்கும் முன் ஒரு முறை கிளைக்கு வாருங்கள்.